இழுவை இழந்த இயந்திரமும் பள்ளிவாசலின் அமானிதமும்



கடந்த ஷஅபான் மாதத்தின் நடுவில் எங்கள் பள்ளிவாசலின் வாக்குவம் கிளீனர் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. நிறுத்திக்கொண்டது என்பதும் சரியன்று. சுவிட்சைப் போட்டால் ஓடியது. முன்னிலும் உரத்து, கீச்சென்ற ஒலியோடு ஓடியது. தூசியை மட்டும் எடுக்கவில்லை. ரமளானுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. தராவீஹுக்கு நிறையப்போகும் ஸஃப்புகளை எண்ணி நிர்வாகத்தினர் கவலை கொண்டதில் வியப்பில்லை.

இதை ஏதோ சிறு சாதனம் பற்றிய பேச்சு என்று கருதி வாசகர்கள் கடந்துபோய்விட வேண்டாம். அந்த ஒரு வாரத்தில் ஓர் ஏழை மனிதரின் கூலியும், வக்ஃபுச் சொத்தின் மீதான நம் பொறுப்பும், இதை எழுதுகிறவனின் நாணயமும் சேர்ந்தே சோதனைக்கு உள்ளாயின.

எங்களுடையது நாமக்கல் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். இரவும் பகலும் லாரிகள் ஓடும் சாலை. மழை பெய்தால் ஒரு மாதம் நிம்மதி. மற்ற மாதங்களில் ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் விரல் செம்மண் நிறமாகும். என் சிறுவயதில் பள்ளியில் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். பெருநாட்களில் பவானி ஜமக்காளம். வெள்ளிக்கிழமை காலையில் அவற்றை முற்றத்துக்கு எடுத்துச் சென்று உதறி, பிரம்பால் தட்டி, வெயிலில் காயப்போட்டு மீண்டும் விரிப்பார்கள். இப்போது சுவரோடு சுவர் ஒட்டிய கார்பெட். அதை எடுத்து உதற முடியாது. விளக்குமாற்றால் பெருக்கினால் மேலே உள்ள குப்பை போகும். அடியில் இறங்கிய தூசி அங்கேயே தங்கும். ஸுஜூதில் நெற்றியோடு மூக்கையும் தரையில் வைக்கிறோம். மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் மூன்று பேருக்கு இழுப்பு நோய் உண்டு. ஆகவே இந்த இயந்திரம் எங்களுக்கு ஆடம்பரப் பொருள் அன்று. கார்பெட் விரித்த நாளிலேயே அதுவும் தேவையாகிவிட்டது.

அன்று இஷாவுக்குப் பின் நிர்வாகக் கூட்டம். இயந்திரத்தை ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனவர், அங்குள்ளவர் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, மோட்டார் போய்விட்டது, மாற்றுவதைவிடப் புதிது வாங்குவதே நல்லது என்று சொன்னதாகத் தெரிவித்தார். மூடியைத் திறந்து பார்த்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்து, கெட்டுப்போனதற்கு யார் காரணம் என்ற பேச்சு வந்தது. மோதினார் ஈரத் தரையில் ஓட்டித் தண்ணீரை உறிஞ்சவிட்டிருப்பார் என்றார் ஒருவர். பொறுப்பில்லாமல் போயிற்று, அவர் சம்பளத்தில் மாதம் ஐந்நூறாகப் பிடித்தால்தான் அடுத்ததையாவது பத்திரமாகப் பார்ப்பார் என்றார் மற்றொருவர். மோதினார் பாய் செருப்பு அடுக்கும் அலமாரியின் அருகே நின்றுகொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். "தண்ணி பட்ட எடத்துல நான் ஓட்டலீங்க" என்று ஒரு முறை சொன்னார். பிறகு பேசவில்லை. ரியாதில் பணிபுரியும் ஊர்ச் சகோதரர் ஒருவர் புதிய இயந்திரத்துக்குப் பணம் அனுப்ப முன்வந்திருப்பதாகவும் செய்தி வந்தது. புதிது வாங்குவது, சம்பளப் பிடித்தத்தை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பின் உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பிள்ளைகளுக்கு நடத்த வேண்டிய பாடம், நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த கறுப்பினப் பெண்மணியைப் பற்றியது. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற, அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி. நம்மில் பலரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். அவர் இறந்துபோனார். அதை ஒரு பெரிய செய்தியாகக் கருதாமல் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். சில நாட்களாகக் காணவில்லையே என்று நபியவர்கள் தாமாகவே விசாரித்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். அடக்கத்தலம் எங்கே என்று கேட்டுச் சென்று அங்கே தொழுதார்கள். பள்ளியைப் பெருக்குகிறவரின் காரியத்தைச் சிறியதாக நினைத்த மனிதர்களை அவர்கள் திருத்திய விதம் அது. இந்தப் பாடத்தை நாளை எந்த முகத்தோடு நடத்துவேன் என்ற எண்ணம் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

ஃபஜ்ருக்குப் பின் முத்தவல்லியிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். "நீங்க ஹஜரத், மெக்கானிக் இல்லீங்களே" என்று சிரித்தார். ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

இனி நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே இயந்திரம் பல பள்ளிகளிலும் சில வீடுகளிலும் இருக்கிறது. இதே பழுது அங்கும் வரும்.

முதலில் எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் ஊர் எல்லையில் லாரி பட்டறை வைத்திருக்கும் அண்ணன். முஸ்லிம் அல்லர், நோன்புக் கஞ்சிக்கு ஆண்டுதோறும் வாங்கிப் போகிறவர். இயந்திரத்தை ஓடவிட்டு அதன் ஒலியைக் கேட்டதுமே, "பாய், மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க. வண்டி இழுக்கலீன்னா மொதல்ல ஏர் ஃபில்டரத்தானுங்க பாக்கோணும்" என்றார். விளக்கமும் சொன்னார். இயந்திரம் தூசியை நேரே இழுப்பதில்லை. உள்ளே இருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் குழாய் வழியே வெளிக்காற்று ஓடிவருகிறது. அந்தக் காற்றோடு தூசி வருகிறது. வழியில் எங்கேனும் அடைத்துக்கொண்டால் விசிறிக்குத் தள்ளக் காற்று கிடைப்பதில்லை. தள்ள ஏதுமில்லாதபோது மோட்டாரின் சுமை குறைந்து அது முன்னிலும் வேகமாகச் சுழல்கிறது, ஒலி கூர்மையாகிறது. மோட்டாரே பழுதாகும்போது நிலைமை வேறு. கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஒலி திக்கும், தீப்பொறி தெரியும், சுருள் எரிந்தால் கருகிய நாற்றம் வரும். எங்கள் இயந்திரத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. கீச்சென்ற அந்த ஒலி உயிர் போகிற ஒலி அன்று. மூச்சு முட்டுகிற ஒலி.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நீண்ட குழாயைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். அங்கே கை நன்றாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு குழாயில் இருக்கிறது. அங்கேயும் இழுவை இல்லையென்றால் பையிலோ ஃபில்டரிலோ மூடியின் ரப்பர் விளிம்பிலோ குறை இருக்கிறது. எங்களுடையதில் இரண்டு இடத்திலும் குறை இருந்தது. குழாயைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டோம். அது மறுமுனைக்கு வரவில்லை. நீண்ட மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளியபோது பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சுத் திரள் வந்து விழுந்தது. புது கார்பெட் முதல் சில மாதங்களுக்கு நூல் பஞ்சை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பஞ்சு ஏன் அங்கே தங்கியது என்று பிரித்துப் பார்த்தால், நடுவில் குறுக்காக ஒரு மிஸ்வாக் குச்சி. யாரோ ஒரு ஸுன்னத்தான மனிதர் ஸஃப்பில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும். அடுத்த முறை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் நினைவையும் தரட்டும்.

குழாய் சரியான பிறகும் இழுவை பாதிதான் திரும்பியது. பானை போன்ற அடிப்பாகத்தின் மூடியைத் திறந்தோம். உள்ளே துணிப்பை கால்பாகம்கூட நிறையவில்லை. ஆகவேதான் மோதினார் பாய் அதைக் கொட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் துணியின் உட்புறம் முழுவதும் மாவு பூசியதுபோல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதற்கு மேலே மோட்டாரைக் காக்கும் ஃபில்டரும் அப்படியே வெளுத்துக் கிடந்தது. பை நிறைந்திருக்கிறதா என்பதைவிட, பையின் துணி மூச்சுவிடுகிறதா என்பதே முக்கியம். மண், முடி, பேரீச்சங்கொட்டை போன்றவை துணியின் கண்களை அடைப்பதில்லை. சிமெண்டுத் தூள், சாம்பிராணிச் சாம்பல், டைல்ஸ் அறுத்த பொடி ஆகியவை அடைத்துவிடும். ஒரு கைப்பிடி போதும்.

அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அது ரஜப் மாதத்தில் ஹவ்ளுப் பக்கம் டைல்ஸ் பதித்தபோது பறந்த பொடி. பள்ளியின் பின்வரிசை முழுவதும் படிந்து பிள்ளைகள் இருமினார்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் இன்னும் பறக்கும், மெஷினை வைத்து இழுத்துவிடுங்கள் பாய் என்று மோதினாரிடம் சொன்னவன் நான்தான். சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். தண்ணீர் புகுந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் எலும்புபோல் உலர்ந்திருந்தது, துருவில்லை, ஈர வாடையில்லை.

அருகே நின்ற அவரைப் பார்த்து, கூட்டத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஹஜரத் சொல்லித்தான் ஓட்டுனேன்னு சபையில எப்படீங்க சொல்றது" என்றார்.

நான்கு நாட்களாக அந்தப் பதில் என் தொண்டையில் நின்றது.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையைப் பட்டறைக்கு எடுத்துச்சென்று, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு, திறந்த வெளியில் வைத்துக் காற்றடித்தோம். இதில் ஒரு நுட்பம் உண்டு: தூசி புகுந்த பக்கத்திலிருந்து அடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் பொடி இன்னும் ஆழமாகப் புதையும். லாரி ஃபில்டருக்கும் இதுவே முறை என்றார் அண்ணன். காகித ஃபில்டராக இருந்தால் வேகமான காற்று அதைக் கிழித்துவிடும்; நீரில் அலசலாம் என்று அதன் மேலேயே குறித்திருந்தாலன்றி நீரைக் காட்டக் கூடாது. எங்கள் ஃபில்டர் பஞ்சு வகை. அலசி, நிழலில் ஒன்றரை நாள் உலர்த்தினோம். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் அடுத்த தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும். பெருக்கும் முனையில் உள்ள உருளையில் சுற்றியிருந்த நூலைப் பிளேடால் அறுத்தெடுத்தோம். குழாயின் ஒரு மடிப்பில் இருந்த கீறலுக்கு டேப் சுற்றினோம். செலவு நாற்பது ரூபாய், அதுவும் டேப்புக்கு. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் ஓடவிட்டபோது கார்பெட்டின் ஓரம் குழாயோடு எழும்பி வந்தது.

இதில் மார்க்கச் சட்டம் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சில வரிகள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலின் வக்ஃபுப் பாடத்தில், பள்ளிவாசலின் பாய்கள் நைந்துபோனாலோ, உத்திரங்கள் உடைந்துபோனாலோ அவற்றை விற்கலாமா என்ற கேள்வியை எடுக்கிறார்கள். விற்கலாம் என்பதே சரியான சொல் என்று முடிவும் தருகிறார்கள். ஆனால் அதற்கு வைத்த எல்லையைக் கவனியுங்கள்: எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்ற நிலையை அது அடைந்திருக்க வேண்டும். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் பக்கம் வாழ்ந்த ஓர் அறிஞர், நைந்த பாய்க்குக்கூட அடுப்பு வரை கணக்குக் கேட்கிறார். நாமோ பழைய இரும்புக் கடைக்காரர் வாசலில் குரல் கொடுத்தால் போதும், தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். பள்ளியின் பொதுநிதியில் வாங்கி வக்ஃபாக ஆக்கப்படாத பொருளுக்கு நிர்வாகி நலன் கருதி விற்கும் உரிமை உண்டு என்ற வேறுபாட்டையும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு சாராரும் இருக்கிறோம். நைந்துபோன பாயை என்ன செய்வது என்பதில் ஹனஃபி இமாம்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவரங்களை அவரவர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் ஒரு பொருள் பயனற்றுப்போனதா என்று பார்க்காமலே அதைப் பயனற்றது என்று தீர்ப்பளிக்க எந்த மத்ஹபிலும் இடம் இருப்பதாக நான் படித்ததில்லை.

மைமூனா (ரலி) அவர்களின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், அதன் தோலையேனும் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். அது செத்ததாயிற்றே என்றார்கள் மக்கள். அதை உண்பதுதான் தடை என்று நபியவர்கள் விளக்கினார்கள். செத்த ஆட்டிலும் பயன் எஞ்சியிருப்பதைக் கண்டவர்களின் உம்மத் நாம். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதையும், ஆடைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டதையும் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். வீண்விரயம் செய்யாதீர்கள் என்று தடுக்கும் வசனங்களுள் ஒன்றான அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தொடங்குவதே பள்ளிவாசலைப் பற்றிய பேச்சோடுதான். பள்ளிக்கு அழகோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் விரயத்தைத் தடுக்கிறது. பள்ளிக்காகத்தானே செலவழிக்கிறோம் என்பது விரயத்துக்குச் சமாதானம் ஆகாது.

மோதினாரின் சம்பளப் பிடித்தத்துக்கு வருகிறேன். மாதக்கூலிக்கு அமர்த்தப்பட்டவர் கையில் உள்ள பொருள் அமானிதம். அவர் வரம்பு மீறினார், அல்லது அலட்சியம் செய்தார் என்று நிரூபணமானாலன்றி அவர்மேல் ஈடு சுமத்த முடியாது. இது ஃபிக்ஹின் அரிச்சுவடி. ஓதிக்கொடுக்கிற எனக்குத் தெரியாததன்று. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைத் தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை புகாரியில் படிக்கிறோம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்று ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. விசாரணை என்பது எங்கள் விஷயத்தில் நான்கு கொக்கிகளைக் கழற்றி ஒரு மூடியைத் திறப்பதாக இருந்தது. அதைச் செய்யாமல் ஒரு மனிதரின் உணவில் கைவைக்கத் துணிந்தோம்.

இந்த இயந்திரத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகப் படித்தபோது இரண்டு செய்திகள் மனத்தில் நின்றன. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் இதற்கு வடிவம் கொடுத்தார். அதற்கு முன் இருந்த கருவிகளில் சில தூசியை ஊதித் தள்ளின. ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணிய அவர், இருக்கையின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தாராம்; மூச்சு முட்டியது; கைக்குட்டையின் அடியில் தூசி படிந்திருந்தது. காற்றைப் போகவிட்டுத் தூசியைத் தடுக்கும் துணி, அதுதான் இந்தக் கருவியின் உயிர். அந்தத் துணி அடைபட்டால் எல்லாம் நின்றுபோகும். பிற்காலத்தில் ஜேம்ஸ் டைசன் பை அடைத்துக்கொள்வதில் சலிப்புற்று, பையே இல்லாத சுழற்காற்று முறைக்காக 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தார் என்பதும் இதே குறையின் கதைதான்.

இரண்டாவது செய்தி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் காண்டன் நகரைச் சேர்ந்தது. ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்ற முதியவர் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தார், ஆஸ்துமா நோயாளி. கார்பெட் தூசி அவர் மார்பைப் பிடித்தது. 1907இல் ஒரு விசிறி மோட்டார், துடைப்பக்கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துத் தமக்கென ஒரு கருவி செய்துகொண்டார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் ஹூவர். உலகம் ஹூவரின் பெயரை அறிந்தது. கையில் தூக்கிச் செல்லும் வாக்குவம் கிளீனரைச் செய்துகாட்டியவர் பெருக்குகிறவர். அவர் இருமலிலிருந்துதான் அது பிறந்தது. அதே கருவிக்காக எங்கள் ஊரில் பெருக்குகிறவரைச் செருப்பலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி விசாரித்தோம்.

பழுதுபார்ப்பவரை மட்டும் குறைசொல்லி முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. பல நிறுவனங்கள் உதிரிப் பாகங்களைத் தருவதில்லை, கையேட்டை வெளியிடுவதில்லை, மூன்றாண்டுக்குள் மாதிரியை மாற்றிவிடுகின்றன. இதைக் கருத்தில் கொண்டு மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதன் கவனத்தில் வைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென இணையவாசல் ஒன்றும் திறக்கப்பட்டது. உரிமை பற்றிய பேச்சு வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் மூடியைத் திறக்கும் மனம் நம்மிடம் இல்லையென்றால் எந்த உரிமை வந்து என்ன பயன்?

கூட்டத்தில் ஒரு சகோதரர் கேட்ட கேள்விக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒருவர் மனமுவந்து புதிது வாங்கித் தருகிறார். அவருடைய நன்மையை நாம் ஏன் தடுக்க வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. தர்மம் செய்கிறவரின் எண்ணத்தில் குறையில்லை. ஆனால் எங்கள் பள்ளியின் பின்னறையைத் திறந்து பாருங்கள். இறக்கைகளில் உபயதாரர் பெயர் எழுதிய ஏழு மின்விசிறிகள், நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள், இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், ஒரு வாட்டர் ஹீட்டர். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நிலையான தர்மம். விசிறிக்குக் கண்டன்சர் மாற்ற நூறு ரூபாய் ஆகாது. பழுதுநீக்கத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தவரின் பெயரை இறக்கையில் எழுத இடமில்லை. அதனால்தானோ என்னவோ புதிய விசிறிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பழையதை ஓடவைத்தால் முதலில் கொடுத்தவரின் நன்மையும் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? கபுருக்குள் இருக்கும் அவருக்கு வேறு வழியில்லையே.

எல்லாவற்றையும் பழுதுபார்த்தே தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சுருள் எரிந்த மோட்டாருக்குப் புதிய இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியைச் செலவிடுவதும் விரயமே. மின்கசிவு உள்ள சாதனத்தை ஈரக்காலோடு மக்கள் நடமாடும் இடத்தில் வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுவது பாவத்துக்கு அருகில் செல்வதாகும். அத்தகையதை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போதும் குப்பைமேட்டில் எறியாமல் மின்கழிவுகளை முறையாகப் பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும். மின்கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

அடுத்த கூட்டம் ஷஅபான் இருபத்தேழில் நடந்தது. இயந்திரத்தைச் சபையின் நடுவில் வைத்து ஓடவிட்டேன். பிறகு, டைல்ஸ் பொடியை இதனால் எடுக்கச் சொன்னவன் நான்தான், அன்று வாய்மூடி இருந்தவனும் நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. தண்ணீர் என்று குற்றம் சாட்டியவர் எழுந்துபோய் மோதினார் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பளப் பிடித்தம் என்ற வரியை முத்தவல்லி அடித்துப் பக்கத்தில் கையொப்பமிட்டார்.

ரியாத் சகோதரருக்கு அன்றிரவே பேசினோம். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று கொடுத்த பணத்தை அவர் சம்மதமின்றி வேறொன்றுக்குத் திருப்ப இயலாது. நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். மாற்றுப் பை இரண்டும் ஃபில்டர் ஒன்றும் வாங்குங்கள், பின்னறையில் கிடப்பவற்றையெல்லாம் ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், மீதியை மோதினாருக்குப் பெருநாள் உடுப்புக்குக் கொடுங்கள் என்றார். ஏழு விசிறிகளில் ஐந்து இப்போது மக்தபிலும் பெண்கள் தொழும் பகுதியிலும் சுழல்கின்றன.

மோதினார் பாய் வியாழன்தோறும் மஃரிபுக்கு முன் பையை வெளியே எடுத்துத் தட்டுகிறார். பொடி கிடந்தால் முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உலர்ந்த பின்னரே இயந்திரத்தை ஓட்டுகிறார். போன வாரம் சாம்பிராணித் தட்டு கவிழ்ந்தபோது, மெஷினைக் கொண்டுவாருங்கள் என்று அவசரத்தில் நான் குரல் கொடுத்தேன். அவர் அசையவில்லை. "சாம்பலுக்கு வேண்டாமுங்க ஹஜரத்" என்றார்.